பின்னால் நின்றவரின் பங்கு

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் ஒரே மூச்சில் சொல்ல எனக்கு வந்ததில்லை. செங்கம் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் மாடி அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். நான் பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் கேம் விளையாடுகிறேன் என்றே கீழ்வீட்டு அம்மா நம்புகிறார். பாதி உண்மைதான். வெளியூர்க் கம்பெனி ஒன்று நடத்தும் ஆன்லைன் விளையாட்டில் யாருக்கு எவ்வளவு பரிசு விழ வேண்டும் என்று முடிவு செய்வது என் பொறுப்பு.

ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஒரு பெரிய காட்டு தேசத்தில் இறங்குகிறார்கள். மிருகங்களை வேட்டையாடலாம், மூலிகை பறிக்கலாம், மலை ஏறலாம். தனியாகவும் போகலாம், நாலு பேராகச் சேர்ந்தும் போகலாம். ஒவ்வொரு வேட்டைக்கும் பரிசாக நீலக்கற்கள் விழும். தனியாளுக்குக் கல்லை அள்ளிக் கொடுத்தால் ஒருவரும் இன்னொருவரைத் தேடிப் போக மாட்டார்கள். அத்தனை பேர் நடமாடும் காட்டில் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். குழுவுக்கு ஜாஸ்தியாகக் கொடுத்தால், தனியாக வருகிறவர்கள் மனம் விட்டுப்போய்க் கிளம்பிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளியைத் தேடுவதுதான் என் பிழைப்பு. இந்த மாதம் சரியாக இருக்கும் புள்ளி அடுத்த மாதம் நகர்ந்துவிடும்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதிலும் ஓசியில் ஒட்டிக்கொள்கிறவர்களைக் கண்டால் ஆகவே ஆகாது. கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய ப்ராஜெக்டை ஒருத்தியாக உட்கார்ந்து செய்து, மற்ற மூன்று பேருக்கும் எனக்கு விழுந்த அதே மார்க் விழுந்ததைப் பார்த்தவள் நான். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எங்கள் விளையாட்டிலும் சிலர் இரண்டு போன் வைத்துக்கொண்டு, ஒன்றில் தாங்கள் விளையாடி, இன்னொன்றில் பொம்மை மாதிரி ஒரு பாத்திரத்தைப் பின்னால் நிறுத்தி, குழுவுக்கான கூடுதல் பரிசை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடிக்கும் விதியை நானே கேட்டு வாங்கி எழுதினேன். குழுவில் இருப்பவர் மிருகத்தை அடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அடிபட்டவருக்கு மருந்து கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் செய்யாதவருக்குப் பங்கு கிடையாது. தொடர்ந்து அப்படியே வந்தால் சந்தேகப் பட்டியலில் ஏறுவார். வெள்ளிக்கிழமைதோறும் பட்டியலைப் பார்த்து, பொம்மை என்று தெரிந்தால் நான் அந்தப் பாத்திரத்தை நீக்கிவிடுவேன்.

நீக்கும்போது அவர்கள் திரையில் வர வேண்டிய வாசகத்தையும் தமிழில் நான்தான் எழுதினேன். "உழைக்காமல் கூடவே வருபவர்களுக்கு இங்கே இடமில்லை." நறுக்கென்று இருக்கிறது என்று கம்பெனியில் சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா அடி அண்ணாமலையில் இருக்கிறாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவள் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகும் தனியார் பஸ் ஒன்றில் மாமா பல வருடம் கண்டக்டராக இருந்தார். முன் படியில் நிற்கிறவரைப் பின் படியிலிருந்தே உள்ளே ஏற்றிவிடுகிற குரல் அவருக்கு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போய்விட்டன. நாம் சொல்வதெல்லாம் புரியும், எதைக் கொடுத்தாலும் படிப்பார். வாயிலிருந்து மட்டும் ஒரு சொல் வராது.

அக்காவுக்குக் கொஞ்சம் பொழுது போகட்டும் என்று என் பழைய லேப்டாப்பில் எங்கள் கேமைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் தூக்கி மூலையில் வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ நான் பெயர் மட்டும் வைத்துவிட்ட மிருகங்களின் சுபாவத்தையெல்லாம் எனக்கே சொல்லிக் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டாள். ஆனால் எப்போதும் தனியாகத்தான் விளையாடினாள். நாலு பேரோடு சேர்ந்து போயேன், கல் அதிகம் விழுமே என்று ஒருநாள் சொன்னேன்.

"போய்ப் பாத்தேன்டி. நடுவுல எழுந்துக்க முடியல. இவரு இருமுனா நான் ஓடணும், படுக்கை நனைஞ்சா ஓடணும். திரும்பி வந்து பாத்தா, எங்க போய்த் தொலைஞ்சனு ஆளாளுக்கு எழுதி வச்சிருக்கானுங்க. எனக்காக யாரும் காத்துக்கினு இருக்க வேணாம். நான் தனியாவே போறேன்" என்றாள். பிறகு என்னை ஓரக்கண்ணால் பார்த்து, "தனியா போனா கல்லு ரொம்பக் கம்மி. உங்க கம்பெனிக்காரன் சரியான கஞ்சம்" என்றாள்.

அந்தக் கஞ்சம் நான்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த மாதமே தனியாள் வேட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். பாதியில் எழுந்து போனாலும் அதுவரை அடித்ததற்குக் கல் விழும்படி செய்தேன். எழுந்து ஓட வேண்டியவர்கள் நாடெங்கும் இருந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அந்த மாற்றத்துக்கு வந்த அளவுக்கு நன்றிக் கடிதங்கள் வேறு எதற்கும் வந்ததில்லை. அக்காவை வைத்துத் தனியாளின் கஷ்டம் முழுக்கப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் சாமர்த்தியத்தின் மேல் எனக்கு எப்போதுமே கொஞ்சம் நம்பிக்கை ஜாஸ்தி.

ஒரு வெள்ளிக்கிழமை பட்டியலில் ஒரு ஜோடி ஏறியிருந்தது. பட்டியலில் பெயர் வராது, எண்ணும் ஊரும்தான் வரும். ஊர் திருவண்ணாமலை என்றிருந்தது. ஒருவர் விழுந்து விழுந்து வேட்டையாடுகிறார். இன்னொருவர் மூன்று மாதமாக அவர் பின்னாலேயே போகிறார். ஓர் அடி இல்லை, ஒரு சொட்டு மருந்து இல்லை. பின்தொடரும் வசதியைப் போட்டுவிட்டு நிற்கிற பொம்மை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும். நம் ஊரிலும் இப்படியொரு திருட்டுப் பேர்வழியா என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்புகூட வந்தது. பின்னால் நிற்பதை நீக்கினேன். முன்னால் இருப்பவருக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பினேன். அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த ஞாயிறு பௌர்ணமி. கிரிவலப் பாதையில் வண்டி விட மாட்டார்கள் என்பதால் ஸ்கூட்டியைச் செங்கம் சாலையிலேயே நிறுத்திவிட்டு, மதிய வெயிலிலேயே கிளம்பிவிட்ட கூட்டத்தோடு நடந்து அக்கா வீட்டுக்குப் போனேன். மாமாவுக்குப் பிடிக்குமே என்று மலை வாழைப்பழம் வாங்கியிருந்தேன். வழக்கமாக நான் உள்ளே நுழைந்ததும் மாமா இடது கையைத் தூக்கிக் காட்டுவார். அன்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டில் கம்பியில் துணிக்கிழிசலால் கட்டித் தொங்கவிட்டிருந்த அவருடைய பழைய போன் அணைந்திருந்தது.

அக்கா சமையலறையில் ரவைக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"உடம்புக்கு இன்னா, நல்லாத்தான் இருக்குது. வெள்ளிக்கிழமைலருந்து சரியா சாப்பிடல. கேம்ல அவரோட ஆளைத் தூக்கிட்டாங்கடி."

மாமா விளையாடுகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அக்கா கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடும்போது மாமா தொண்டையில் ஒரு சத்தம் எழுப்புவாராம். தண்ணீருக்குத்தான் கேட்கிறார் என்று இவள் எழுந்து போவாளாம். திரும்பி வந்தால் இவளுடைய பாத்திரம் செத்துக் கிடக்குமாம். நாலைந்து தடவை ஆன பிறகுதான், பின்னாலிருந்து மிருகம் வருவதைப் பார்த்து அவர் சத்தம் போடுகிறார் என்று புரிந்ததாம்.

"வண்டில அவருக்கு அதானடி வேலை. பின்னாடி பாக்குறது. கண்ணு இன்னும் அங்கதான் இருக்குது."

அவருடைய போனிலேயே அவருக்கு ஒரு பாத்திரம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பெரிய மீசை வைத்தவரை அவரே விரலால் தொட்டுத் தேர்ந்தெடுத்தாராம். சட்டைக்குக் காக்கி நிறம். எங்கள் விளையாட்டில் எல்லாப் பாத்திரத்தின் இடுப்பிலும் ஒரு கொம்பு தொங்கும், ஒரு பொத்தானை அழுத்தினால் ஊதும். அழகுக்காக வைத்தது, யாரும் தொடுவதில்லை. மாமா இடது கட்டைவிரலால் அதை அழுத்தப் பழகியிருக்கிறார். ஒரு ஊதல் என்றால் நில். இரண்டு ஊதல் என்றால் போகலாம். விடாமல் ஊதினால் பின்வாங்கி வா. பஸ்ஸில் விசில் அடித்த அதே கணக்கு. அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கல்யாணமான புதிதில் அந்தப் பஸ்ஸிலேயே போய் வந்தவள் அவள்.

"மூணு மாசமா சாயங்காலம் ஆனா போதும், போனைப் போனைப் பாப்பாரு. ஆளே மாறிட்டாரு. அவருக்குப் பங்கு இல்லன்னுதான் ஒவ்வொரு தடவையும் வரும். சேத்து எனக்கு வருதுங்க, ரெண்டு பேருதும் ஒண்ணுதான்னு சொல்லி வப்பேன். வெள்ளிக்கிழமை திறந்தா, உழைக்காம கூட வர்றவங்களுக்கு இடமில்லன்னு எழுதியிருந்துச்சு. மூணு தடவை படிச்சாருடி. படிச்சிட்டுத் திரும்பிப் படுத்தவருதான்."

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. திங்கட்கிழமை சரிசெய்துவிட்டு, ஏதோ தவறு நடந்துவிட்டதாம் என்று கதை கட்டிவிடலாம். அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை.

"அக்கா, தூக்கினது நான்தான். அந்த வார்த்தையும் நான் எழுதினதுதான்."

அவள் அடுப்பை அணைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தூக்கியிருக்கலாம்ல. யாரு, இன்னானு" என்றாள். "ரெண்டு வருஷமா சும்மா கிடக்கிறேன், உனக்குப் பாரமா கிடக்கிறேன்னு அவரு கண்ணாலயே சொல்லுவாரு. இல்லங்க இல்லங்கனு நானும் சொல்லிக்கினே இருந்தேன். இப்ப கம்பெனிக்காரனே எழுதிக் கொடுத்துட்டான்."

சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா கஞ்சியை ஆற்றிக்கொண்டு உள்ளே போனாள். மாமா இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்று கையைக் காட்டியது தெரிந்தது. அன்று அவரிடம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. பழத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அக்கா போனை மாமா கையில் கொடுத்தபோது அவர் அதைப் படுக்கையில் கவிழ்த்து வைத்துவிட்டார். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான். இடமில்லை என்று ஒரு தடவை சொன்ன வண்டியில் அவர் ஏற மாட்டார். அவர் சுபாவம் அது.

கம்பெனியில் எங்கள் குழுத் தலைவர் நிதானமானவர். வீடியோ காலில் நான் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். முழுக்கக் கேட்டார்.

"உங்க மாமாவுக்காக வருத்தப்படறேன். ஆனா ஒரு வீட்டுக்காக விதியை மாத்த முடியாது. பொம்மைக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்னு கம்ப்யூட்டருக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க, மாத்தலாம்."

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. அக்காவின் மூன்று மாத விளையாட்டுப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு அடியும், ஒவ்வொரு சாவும் அதில் இருக்கும். கொம்பு ஊதியதும் இருந்தது. அதை யாரும் ஒரு வேலையாக எண்ணிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். மாமா ஊதுகிறார், அக்கா திரும்புகிறாள், பின்னால் பாய்ந்த பன்றி முகத்தில் அடி வாங்குகிறது. மாமா விடாமல் ஊதுகிறார், அக்கா பின்வாங்குகிறாள், பள்ளத்தில் விழாமல் தப்பிக்கிறாள். ஒரு வேட்டையில் நடுவிலேயே அக்கா அசையாமல் நின்றுவிட்டாள், எதற்கோ எழுந்து போயிருக்க வேண்டும். அவள் திரும்பி வரும்வரை மாமா விட்டு விட்டு ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார். அவரால் அடிக்க முடியாது. ஆள் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மாமா போனைக் கவிழ்த்து வைத்த நாட்களில் அக்கா திரும்பத் திரும்ப முதுகில் அடிபட்டுச் செத்திருந்தாள். எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம் என்று சொன்னவளுக்குக் காத்திருக்க ஓர் ஆள் கிடைத்திருந்தார். அந்த ஆளைத்தான் நான் தூக்கியிருக்கிறேன்.

"பஸ்ல கண்டக்டர் ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டார் சார்," என்று அடுத்த காலில் சொன்னேன். "ஆனா அவர் இறங்கி விசில் அடிக்காம வண்டி ரிவர்ஸ் வராது. நாம ஸ்டீயரிங் பிடிச்சவருக்கு மட்டும் சம்பளம் போட்டுக்கிட்டு இருக்கோம்."

தலைவர், "கொம்புக்குப் பங்குன்னு சொன்ன மறுநாளே, தானா கொம்பை அழுத்துற மாதிரி எவனாவது ஏதாவது செஞ்சிடுவானே" என்றார்.

அதையும் யோசித்து வைத்திருந்தேன். சும்மா ஊதினால் பங்கு இல்லை. உண்மையாகவே ஆபத்து நெருங்கியிருக்க வேண்டும், ஊதலைக் கேட்டுக் கூட இருப்பவர் திரும்பியிருக்க வேண்டும் அல்லது விலகியிருக்க வேண்டும். இயந்திரம் எப்போது வேண்டுமானாலும் ஊதும், பார்க்கிறவர்தான் சமயத்தில் ஊதுவார். இரண்டு பேர் மட்டும் போகும் குழுவுக்கு மிருகத்தின் பலத்தையும் குறைத்தேன். ஒருவர் பாதியில் எழுந்து போனால் வேட்டை காத்திருக்கும்படியும் செய்தேன். சோதனை செய்து, திருத்தி, மறுபடி சோதித்து முடிக்க ஆறு வாரம் பிடித்தது. இத்தனை ஆசையோடு நான் எந்த வேலையும் செய்ததில்லை. அந்த வாசகத்தையும் எடுத்துவிட்டேன். அதன் இடத்தில், "உங்கள் பாத்திரம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எங்களுக்கு எழுதுங்கள்" என்று மட்டும் போட்டேன். நறுக்கென்று இல்லை என்றார்கள். பரவாயில்லை என்றேன்.

மாற்றம் வெளியான அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமாவை முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார வைத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். வழியில் என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"மாமா, அன்னைக்கு நீங்க படிச்சீங்களே, அதை எழுதினது நான்தாங்க. உங்களைத் தூக்கினதும் நான்தான். நீங்கன்னு தெரியாது. தெரியலன்னாலும் அப்படி எழுதியிருக்கக் கூடாது. நீங்க பாத்த வேலையை நான் பாக்கவே இல்ல. மன்னிச்சிடுங்க மாமா."

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் இடது கையைத் தூக்கி என் தலையில் வைத்தார். அந்தக் கை கனமாக இருந்தது. எடுத்ததும் அக்கா பக்கம் திரும்பி, போனுக்காக உள்ளங்கையை நீட்டினார்.

அக்கா அவசர அவசரமாகக் கம்பியில் போனைக் கட்டினாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மீசைக்காரர் காக்கிச் சட்டையோடு அவள் பின்னால் வந்து நின்றார். இருவரும் மலையடிவாரக் காட்டுக்குள் இறங்கினார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணக்கு தப்பாகிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு ஊதல் வந்தது, அக்கா நடந்தாள். ஒரு ஊதல் வந்தது, நின்றாள். சட்டென்று விடாமல் ஊதினார். அக்கா பின்வாங்கித் திரும்பினாள். புதருக்குள்ளிருந்து வந்த கரடி அவள் ஈட்டியில் நேராக மோதியது.

கரடி சாய்ந்ததும் இரண்டு திரையிலும் நீலக்கற்கள் விழுந்தன. மாமாவின் போனில் முதல் தடவையாக, உங்கள் பங்கு என்று வந்து, கீழே ஏழு கற்கள் நின்றன. அக்காவுக்கும் அதே ஏழு. மாமா அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் நடுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வந்தது, துடைக்கக்கூடத் தோன்றாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மட்டும் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய பாத்திரம் அடுத்த புதரை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தது.

"அழுவாதீங்க," என்றாள். "நீங்க அழுதுக்கினு இருந்தா எனக்குப் பின்னாடி யாரு பாப்பாங்க?"

மாமா தோளில் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தார்.